கேள்வி கேட்டவருக்கு மறுநாள் என்ன ஆகிறது?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு வரும் அரசியல் தலைவர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் முதலில் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள். அதன் பிறகு கடைவீதி. மளிகைக் கடைக்காரரின் கையைப் பிடித்து ஒரு படம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம், மண்டபத்தில் வரிசையாக உட்கார வைக்கப்பட்ட மகளிர் குழுவினரோடு ஒரு படம். வணிகர் சங்கத் தலைவர் சால்வை போர்த்துகிறார். விவசாயிகள் மனு கொடுக்கிறார்கள். மனுவை வாங்கிய கை அதை உதவியாளரிடம் கொடுக்கிறது, வண்டிகள் பென்னாகரம் பக்கமோ தருமபுரி பக்கமோ கிளம்பிவிடுகின்றன. அன்று சாயங்காலமே எல்லாப் படங்களும் கைப்பேசிகளில் வந்துவிடும். ‘வணிகர்களுடன் கலந்துரையாடல்’ என்று அதற்குத் தலைப்பும் வைத்திருப்பார்கள்.

இந்தச் சந்திப்புகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மக்களைப் பார்க்கவே வராத அரசியல்வாதியை விட, பத்து நிமிடமாவது வந்து நிற்கிறவர் மேல்தான். ஆனால் இப்படிப்பட்ட சந்திப்பு நேர்மையானதா, பொய்யானதா என்பதைக் கூட்டத்தின் அளவையோ கைதட்டலையோ வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தக் கூட்டத்தில் எழுந்து சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்டவருக்கு மறுநாள் என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த மறுநாள் சில நேரம் வெட்கப்படும்படி இருந்திருக்கிறது.

2024 செப்டம்பர் 11 அன்று கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்துறையினரையும் வணிகர்களையும் சந்தித்தார். அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் உரிமையாளர் எழுந்து பேசினார். இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு இன்னொரு வரி, வெறும் பன்னுக்கு வரியே இல்லை, அதே பன்னுக்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம். ஒரே பில்லில் இத்தனை விகிதம் வந்தால் கம்ப்யூட்டரே திணறுகிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அரங்கம் சிரித்தது. கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் எவருக்கும் தெரிந்த உண்மையை அவர் கொங்கு மண்ணின் பேச்சு வழக்கில், மரியாதை குறையாமல் எடுத்து வைத்தார். எதையும் கேட்கத்தானே அந்தக் கூட்டத்தைக் கூட்டினார்கள்?

அடுத்த நாள் அவர் அமைச்சரைத் தனியறையில் சந்தித்தார். அமைச்சரும் அப்போதைய கோவை தெற்கு சட்டமன்ற உறுப்பினர் வானதி சீனிவாசனும் இருந்த அந்த அறையில் அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கும் காட்சி வெளியே வந்தது. படம் பிடித்து வெளியிட்டவர்கள் பாஜகவினர். அப்போது வெளிநாட்டில் இருந்த அக்கட்சியின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, தனிப்பட்ட சந்திப்பின் காணொளி வெளியானதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். உணவக உரிமையாளர் தாமாகவே வந்து சந்தித்தார், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று பாஜக தரப்பில் விளக்கம் சொன்னார்கள்.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் குற்றம் குறையவில்லை. பல ஆயிரம் பேருக்குச் சோறு போட்டுச் சம்பளம் கொடுத்து ஊரறிய தொழில் செய்யும் ஒருவருக்கு, பொதுக் கூட்டத்தில் வரி பற்றிப் பேசிய மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவோம் என்று தோன்றியது எதனால்? வரி விதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, சோதனைக்கு ஆள் அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தொழில் செய்யும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் அதிகாரத்தில் இருந்தால் அவர் வாய் திறந்து மிரட்ட வேண்டியதே இல்லை. அந்தப் பயத்தை உணர்ந்து, “நீங்கள் கேட்டதில் தவறில்லை, உட்காருங்கள்” என்று அந்த அறையிலேயே சொல்வதுதான் அமைச்சர் செய்திருக்க வேண்டிய காரியம். காட்சி வெளியான பிறகாவது ஊரறிய அவரிடம் வருத்தம் தெரிவித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று அரசின் கணக்கே ஒப்புக்கொண்டுவிட்டது.

அந்தக் காணொளியைக் காட்டிப் பாஜகவைக் கண்டித்த மற்ற கட்சிகளுக்கும் இதே கேள்விதான். திமுக அரசின் மூத்த அமைச்சராக இருந்த பொன்முடி, 2022 செப்டம்பரில் அரசு விழாவொன்றில் பெண்களைப் பார்த்து, பேருந்தில் ‘ஓசியில்’ போகிறீர்கள் என்று பேசினார். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அந்தப் பெண்களின் வரிப்பணமும் வாக்கும் சேர்ந்து வந்த உரிமை. மேடையில் நின்று அப்படிப் பேச முடிந்ததென்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம்தான் காரணம். கூட்டத்துக்கு வரவழைக்கப்பட்டவர்கள் கைதட்டுவதற்காக வந்தவர்கள் என்று நினைக்கும் பழக்கம் கட்சிக்குக் கட்சி மாறுவதில்லை.

தருமபுரி மாவட்டத்துக்கு இந்தப் பழக்கம் கூடுதலாக வலிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது இங்கேதான். 1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது ஆரம்பமானது. மழையை நம்பிய காடு, கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம், கந்துவட்டி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட ஆண்கள். அந்த நிலைமையில் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வாரம் இவ்வளவு என்று சேமித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் போடக் கற்றுக்கொண்டு, வங்கி மேலாளர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கடன் கேட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான் இந்த மாவட்டப் பெண்களின் பெரிய அரசியல் சாதனை என்று நாம் நினைக்கிறோம். யாரும் அவர்களுக்கு அதைத் தானமாகத் தரவில்லை.

அந்தக் குழுக்களை இன்று என்ன செய்து வைத்திருக்கிறோம்? அமைச்சர் வருகிறார், எம்எல்ஏ வருகிறார் என்றால் குழுவுக்கு இத்தனை பேர் என்று தகவல் போகிறது. ஒரே நிறச் சேலையில் வரச் சொல்வதும் உண்டு. காலை ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தவர்கள், தலைவர் வரும் பிற்பகல் வரை ஷாமியானா நிழலில் தண்ணீர் பாக்கெட்டோடு காத்திருக்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. குச்சிக்கிழங்குக் காட்டிலோ நூறு நாள் வேலையிலோ கிடைக்க வேண்டியதை யார் கொடுப்பார்? வராவிட்டால் அடுத்த சுழற்சிக் கடனில் பெயர் விட்டுப்போகுமோ என்ற அச்சத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. இதில் எத்தனையாவது நிமிடத்தில் ‘கலந்துரையாடல்’ நடக்கிறது? முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்கள். வங்கி ஏன் கடனைப் பிடித்து வைக்கிறது, குழுவின் உற்பத்திப் பொருளுக்கு ஏன் சந்தை இல்லை என்று மூன்றாவது பெண் கேட்க எழுந்தால், மைக் வேறு பக்கம் போய்விடும்.

இப்படி மைக்கைத் திருப்பும் ஒன்றிய நிர்வாகி, கட்சிக்காரர், அதிகாரி யாராக இருந்தாலும் அவர் செய்வது அநியாயம். அதைக் கண்டும் காணாமல் மேடையில் சிரித்துக்கொண்டிருக்கும் தலைவர் அதற்குப் பொறுப்பாளி.

கடைக்காரர்களின் கதை வேறு விதம். கட்சிக் கூட்டத்துக்கு முந்தின வாரம் கடைவீதியில் ரசீது புத்தகத்தோடு நான்கைந்து பேர் வருவார்கள். “அண்ணே, உங்க பேருக்கு எவ்வளவு எழுதட்டும்?” கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். “என்னண்ணே, பக்கத்துக் கடையே இதவிட அதிகமா குடுத்துருக்காரு” என்பார்கள். கல்லாவைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நன்கொடையா வேறா என்று. அடுத்த வாரம் தலைவர் அதே கடைக்கு வந்து, வியாபாரம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். “நல்லாருக்குங்க” என்று அவர் சொல்வார். வேறென்ன சொல்ல முடியும்?

நியாயமான கோரிக்கைக்காகவும் வணிகர்களைப் பயன்படுத்துகிறார்கள். காவிரி உபரிநீரைத் தருமபுரி மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்தை வலியுறுத்தி 2024 அக்டோபர் 4 அன்று பாமக அரைநாள் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. ஒகேனக்கல்லில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும்போது பக்கத்திலேயே ஏரி காய்ந்து கிடப்பதைப் பார்க்கும் எவரும் அந்தக் கோரிக்கையில் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு பூக்கடைக்காரருக்கு அரைநாள் என்பது அன்று வாங்கிய பூ முழுவதும். அவர் கொடுத்ததைக் கடனாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையடைப்புக்குப் பிறகு சட்டமன்றத்தில் எத்தனை முறை பேசினோம், அரசு என்ன சொன்னது, அடுத்து என்ன என்று அதே கடைவீதிக்கு வந்து அழைத்தவர்கள் கணக்குச் சொன்னார்களா? இந்தக் கேள்வி பாமகவுக்கு மட்டும் உரியது இல்லை. கடையடைப்புக்கு அழைக்கும் எல்லாக் கட்சிக்கும் உரியது.

அரசு நடத்தும் முகாம்களும் இதே அளவுகோலுக்கு உட்பட்டவைதான். மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொப்பூரில் தொடங்கிவைத்தார். ஊரகப் பகுதிகளுக்கான ‘மக்களுடன் முதல்வர்’ திட்டம் 2024 ஜூலை 11 அன்று பாளையம்புதூரில் தொடங்கியது. இரண்டு ஊரும் இந்த மாவட்டம். வாங்கிய மனுவுக்கு 30 நாளில் தீர்வு என்று அரசே வாக்குக் கொடுத்தது நல்ல தொடக்கம், அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் 2025 ஆகஸ்டில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்தன. அவற்றில் எத்தனை நகல், எத்தனை அசல் என்று விளக்கம் சொல்வதில் பயனில்லை. ஒரு பெண் வரிசையில் நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் எழுதச் சொல்லி, ஆதார் நகலை இணைத்துக் கொடுத்த தாள் அது. அது ஆற்றில் போனதைப் பார்த்த பிறகு, அடுத்த முகாமில் அவர் எந்த நம்பிக்கையில் வரிசையில் நிற்பார்?

தருமபுரி மாவட்டத்தின் இன்னொரு மூலையில், பொம்மிடி அருகே பள்ளிப்பட்டியில், கேள்வி கேட்டவர்கள் இளைஞர்கள். 2024 ஜனவரி 8 அன்று ‘என் மண் என் மக்கள்’ நடைப்பயணத்தில் வந்த அண்ணாமலை அங்குள்ள லூர்து மாதா தேவாலயத்துக்குப் போனார். மணிப்பூரில் கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி, மாலை போட வேண்டாம் என்று இளைஞர்கள் தடுத்தார்கள். வழிபாட்டு இடத்துக்கு வருகிற ஒருவரைத் தடுப்பது சரியா என்று வாதிடலாம். ஆனால் தேசியக் கட்சி ஒன்றின் மாநிலத் தலைவர், தம் ஊர்க் கோயில் வாசலில் நிற்கும் கிராமத்து இளைஞர்களிடம், பத்தாயிரம் பேரைக் கூட்டிவந்து தர்ணா செய்தால் என்ன செய்வீர்கள் என்ற பொருளில் பேசியதை நாம் ஏற்க முடியாது. பின்னர் பொம்மிடி காவல்துறை அவர் மீது வழக்குப் பதிந்தது. வழக்கு எப்படியும் போகட்டும். கேள்விக்கு எண்ணிக்கையைக் காட்டுவது பதில் ஆகாது.

பாப்பாரப்பட்டியிலேயே நடந்ததையும் சொல்ல வேண்டும். சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள் சிவா போய்விட்டார். மிகப் பிந்தியே தமிழக அரசு அங்கே பாரத மாதா நினைவாலயம் அமைத்தது. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டையொட்டி 2022 ஆகஸ்ட் 11 அன்று பாஜக மாநிலத் துணைத் தலைவர் கே.பி. ராமலிங்கம் தொண்டர்களோடு ஊர்வலமாக அங்கே போனார். கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போனதாக வழக்குப் பதிந்து காவல்துறை அவரைக் கைது செய்தது. நினைவாலயத்தைப் பூட்டி வைப்பது நினைவாலயத்துக்கு அழகில்லை என்பது உண்மை. அதை மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம், அரசிடம் கேட்கலாம், நீதிமன்றத்திலும் கேட்கலாம். அன்று வாசலில் நின்றது சாவியைக் கையில் வைத்திருக்கும் கடைநிலைப் பணியாளர். மேலிட உத்தரவில்லாமல் திறந்தால் அவர் வேலை போகும், திறக்காவிட்டால் கூட்டம் அவர் மேல் திரும்பும். முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவருக்கு இது தெரியாதா? அந்தப் பணியாளரின் மறுநாளை நினைத்துப் பார்க்காமல் செலுத்திய மரியாதையைச் சிவாவுக்குச் செலுத்திய மரியாதையாக நாம் எண்ண மாட்டோம்.

ஏனென்றால் சிவாவும் வணிகர்களோடும் தொழிலாளிகளோடும் கலந்து பழகிய அரசியல்வாதிதான். அவரும் வ.உ.சிதம்பரனாரும் தூத்துக்குடியில் செய்தது என்ன? 1906-ல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்கு வ.உ.சி. வணிகர்களிடம் போய்ப் பங்கு கேட்டார். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம் என்று எழுதி, பதிவு செய்து, கப்பலைக் கண்ணில் காட்டினார். பணம் கொடுத்தவர் பங்குதாரர், கேள்வி கேட்க உரிமை உள்ளவர். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது சிவாவும் வ.உ.சி.யும் அவர்களுக்காகப் பேசினார்கள், ஊரில் நிதி திரட்டிச் சோறு போட்டார்கள். ஒன்பது நாளில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அதற்கு அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. சிறையில் அவர் உடம்பில் தொழுநோய் ஏறியது. வெளியே வந்த பிறகு, தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்ற தடையால் ஊர் ஊராக நடந்தும் கட்டைவண்டியிலும் போனார். 1925 ஜூலை 23 அன்று, நாற்பது வயதில், பாப்பாரப்பட்டியில் உயிர் விட்டார்.

கூட்டம் முடிந்த மறுநாளின் விலையை அன்று அரசியல்வாதி கொடுத்தார். மேடையில் பேசியவர் சிறைக்குப் போனார். கேட்டுக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார். இன்று மேடையில் பேசியவர் பத்திரமாக அடுத்த ஊருக்குப் போகிறார், கீழே நின்று பேசியவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறார். இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கண்டு மனம் கொதிக்காதவர் சிவாவின் சிலைக்கு மாலை போடத் தகுதியற்றவர் என்பது நம் தீர்ப்பு. கட்சியைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ள மாட்டோம்.

வணிகர் சங்கங்களுக்கும் குழுக் கூட்டமைப்புகளுக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு. சங்கத் தலைவர் பதவியை, தலைவரோடு படம் எடுத்துக்கொள்ளும் உரிமையாக வைத்திருப்பவர்கள் அதிகம். சங்கத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டால் அவருக்குப் பின்னால் மற்ற நூறு பேரும் நிற்க வேண்டும். “அவரு சொன்னதுதான் எங்க எல்லாரோட கருத்தும்” என்று மறுநாள் காலை சங்கமே அறிக்கை விட்டிருந்தால், எந்த உரிமையாளரும் தனியறைக்குத் தனியாகப் போயிருக்க மாட்டார். பயம் ஆளைத் தனியாகப் பார்த்துத்தான் பிடிக்கும். குழுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். வங்கிக்கு ஒருத்தியாகப் போகாமல் ஐந்து பேராகப் போனதால்தான் அவர்களுக்குக் கடன் கிடைத்தது.

ஆகவே பாப்பாரப்பட்டி போன்ற பேரூராட்சிகளில் நடக்கும் சந்திப்புகளுக்கு நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யார் யார் பேசப்போகிறார்கள் என்று கட்சிக்காரர் முடிவு செய்யக் கூடாது, சங்கமும் குழுவும் முடிவு செய்ய வேண்டும். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் கடைக்காரர் கடன் நோட்டில் எழுதி வைப்பது போல அன்றே எழுதப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் சங்கக் கட்டடத்தில் ஒட்டப்பட வேண்டும். குழுப் பெண்களை அரசு விழாவுக்கு அழைத்தால் அன்றைய கூலியை அழைத்தவர் கொடுக்க வேண்டும், வராதவர் பெயரை எந்தப் பட்டியலிலிருந்தும் எடுக்கக் கூடாது. ரசீது புத்தகத்தோடு வரும் கட்சிக்காரரிடம் கணக்குக் கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு என்று அந்தந்தக் கட்சித் தலைமையே அறிவிக்க வேண்டும். தலைவர்கள் அடுத்த முறை வரும்போது, புதிய மனுக்களை வாங்குவதற்கு முன்னால், சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளை மைக்கில் படித்துக் காட்டட்டும்.